கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் வீட்டுக்கு மின்சாரம் எடுக்க முடியுமா?

18 மே 2024

நம் ராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்கள் வீட்டிலிருந்து கடல் முந்நூறு அடிதான். காற்று இரவும் பகலும் நிற்பதே இல்லை. ஒரு கிலோவாட் காற்றாடி வாங்கி மொட்டைமாடியில் மாட்டினால் ஈ.பி. பில்லே வராது என்கிறார்கள். ஒரு கிலோவாட் என்றால் ஒரு நாளைக்கு 24 யூனிட் வரும்தானே? எங்களுக்கு ஐந்து யூனிட் இருந்தால் போதும்."

24 வராது தம்பி. ஐந்தும் வராது. மொட்டைமாடியில் வைத்தால் ஒன்று வருவதே சந்தேகம். உச்சிப்புளிப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) வீட்டு மாடியில் இருந்த காற்றாடியை இரண்டு முறை கழற்றிப் பார்த்திருக்கிறேன். சுற்றுவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அதில் எரிந்தது வாசல் பல்பு ஒன்றுதான். அதுகூடப் பரவாயில்லை. அந்த அதிர்வு சுவர் வழியே இறங்கி, கீழே படுத்திருப்பவர் காதில் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு லாத்தா, அதாவது அக்காதான் கடைசியில் "இதை எடுத்தால்தான் நான் இந்த வீட்டில் தூங்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

19 மே 2024

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். ஏன் வராது என்று சொல்ல வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி எட்டு மடங்காகும். வேகத்தின் மும்மடி, அதாவது 2×2×2. இந்த ஒன்று மனதில் பதிந்தால் மீதியெல்லாம் தானாக விளங்கும். இறக்கை சுற்றும் வட்டத்தில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அதில் இருப்பது சுமார் 16 வாட். 5 மீட்டரில் 75 வாட். 10 மீட்டரில் 600 வாட்.

இதையும் முழுதாகப் பிடிக்க முடியாது. காற்றை நிறுத்திப் பிடித்தால் பின்னால் வரும் காற்றுக்கு வழி ஏது? அது இறக்கையைச் சுற்றி விலகிப் போய்விடும். அதிகபட்சம் 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்தார். எந்தக் கம்பெனி விளம்பரமும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. சின்ன காற்றாடி, உள்ளே காந்தம், கம்பி, பேரிங் எல்லாவற்றின் இழப்பும் போக, கையில் நிற்பது கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி சொல்கிற "நிற்காத காற்று" 3 மீட்டர் வேகம் என்றால், இரண்டரை மீட்டர் விட்டமுள்ள காற்றாடியில் இருபது வாட் தேறும். அந்த வேகத்தில் பல காற்றாடிகள் அசையவே யோசிக்கும்.

2 ஜூன் 2024

"அப்படியானால் ஒரு கிலோவாட் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது பொய்யா அண்ணே?" என்று அதே தம்பி.

பொய் இல்லை. எந்த வேகத்தில் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் விநாடிக்கு 11 அல்லது 12 மீட்டர். மணிக்கணக்கில் மாற்றினால் 40 முதல் 43 கி.மீ. நம் ஊருக்கு இதை இப்படிச் சொல்லலாம். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை அறிவிப்பு வரும், படகு கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டான டோக்கனை நிறுத்துவார்கள் இல்லையா? அந்த நாளுக்குச் சற்று முந்தைய காற்றில்தான் பெட்டியில் போட்ட கிலோவாட் வரும். வருடத்தில் எத்தனை நாள் டோக்கன் நிறுத்துகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது கிலோவாட்டைப் பார்க்காதீர்கள். இறக்கை விட்டத்தைக் கேளுங்கள். விட்டம் தெரிந்தால் மீதியை நாமே கணக்குப் போடலாம்.

27 ஜூலை 2024

நானே ஒரு காற்றுமானி வாங்கிவிட்டேன். மூன்று கிண்ணம் வைத்துச் சுற்றுவது. வீட்டுக்குப் பின்னால் முப்பதடி ஜி.ஐ. குழாயில் கட்டி, காலை, மதியம், அந்தி, படுக்கப்போகும் முன் என்று நான்கு வேளை நோட்டில் எழுதுகிறேன். ஜூன் நடுவிலிருந்து நேற்றுவரை சராசரி 5 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. கச்சான் நன்றாக அடித்த நாட்களில் மதியம் 8, 9 தொட்டது.

சராசரி 5 என்றதும் அதை மும்மடியாக்கி, சதுர மீட்டருக்கு 75 வாட், அவ்வளவுதான் என்று எழுதி வைத்திருந்தேன். தொண்டியில் பொறியியல் படிக்கும் ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "மாமா, சராசரியின் மும்மடி வேறு, மும்மடிகளின் சராசரி வேறு" என்றாள். முதலில் பிடிபடவில்லை. அவளே உதாரணமும் சொன்னாள். ஒரு நாள் முழுக்க 5 மீட்டர் அடித்தால் 125. இன்னொரு நாள் பாதி நேரம் 2, பாதி நேரம் 8 அடித்தால் அதற்கும் சராசரி 5தான். ஆனால் மும்மடி 8-ம் 512-ம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 260. இரண்டு மடங்குக்கு மேல்!

அவள் சொன்னதுதான் சரி. மே மாதம் நான் போட்ட கணக்கு காற்றைக் குறைத்து மதிப்பிட்டது. மொட்டைமாடி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் "நம் கரையில் காற்று மின்சாரமே வீண்" என்கிற தொனியில் எழுதினேன் இல்லையா, அதை வாபஸ் வாங்குகிறேன்.

28 ஜூலை 2024

நோட்டைப் புரட்டும்போது தோன்றியது. கச்சான் எல்லா ஊருக்கும் ஒன்றாக வருவதில்லை. மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி எல்லாம் தென்கடல் கரை. கச்சான் அங்கே கடல்மேல் தடையில்லாமல் ஓடிவந்து ஏறும். அதே காற்று தேவிபட்டினம், தொண்டி போவதற்குள் பனங்காட்டையும் சீமைக் கருவேலத்தையும் ஊரையும் கடந்து களைத்துப் போகும். வடகடல் கரைக்குப் பலம் வாடைக்காற்று. ஒரே மாவட்டம், ஒரே மாதம், இரண்டு கணக்கு. ஆகவே என் நோட்டைப் பார்த்து யாரும் வாங்கிவிடாதீர்கள்.

காற்றாலைக் கம்பெனிகள் ஏன் ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் போனார்கள், நம்மைத் தேடி வரவில்லை என்று ஒருவர் கேட்டார். அங்கே மலைக் கணவாய் இருக்கிறது. அகலமாக வரும் காற்று இடுக்கில் நுழையும்போது வேகமெடுக்கிறது. வேகம் கொஞ்சம் கூடினாலே மும்மடிக் கணக்கில் எங்கேயோ போய்விடும். நமக்குக் கணவாய் இல்லை, வெயில் இருக்கிறது. அதனால்தான் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் வந்தது.

11 ஆகஸ்ட் 2024

கம்ப உயரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

காற்றாடியைச் சுற்றி நூற்றைம்பது மீட்டருக்குள் இருக்கிற எந்த மரம், எந்தக் கட்டடத்தையும்விடப் பத்து மீட்டராவது உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். நம் ஊரில் பனைமரம் இருக்கிற தோட்டத்தில் இதைக் கடைப்பிடிக்க முடியாது. பனையே எண்பதடி போகும். பனைக்குப் பின்னால், காற்று போகிற பக்கம் கம்பத்தை நடாமல், காற்று வருகிற பக்கம் நடுவதுதான் வழி. மரத்துக்குப் பின்னால் காற்று சுழலும். மரத்தின் உயரத்தைப் போல இருபது மடங்கு தூரம்வரை அந்தக் குழப்பம் இருக்கும். சுழல் காற்றில் இறக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகம் திருப்பிக்கொண்டே இருக்கும். மின்சாரமும் வராது, பேரிங்கும் சீக்கிரம் போகும்.

வெட்டவெளியில்கூட உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் பத்து சதவீதம் கூடும். பத்துதானே என்று நினைக்காதீர்கள். மும்மடியில் அது முப்பத்துமூன்று. காற்றாடியைப் பெரிதாக்குகிற காசில் கம்பத்தை உயர்த்துவது லாபம்.

சரி, நான் முடிவெடுத்துவிட்டேன். ஒன்று செய்கிறேன். 2.4 மீட்டர் விட்டம், மூன்று இறக்கை, நாற்பதடிக் கம்பம். இறக்கையைப் படகு செய்யும் ஆசாரி செதுக்கித் தருகிறார். மின்சாரம் எடுக்கிற கம்பிச் சுருளான காயிலை நான் சுற்றிக்கொள்வேன்.

29 செப்டம்பர் 2024

சுற்றுகிறது!

செய்முறை கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. இரண்டு இரும்புத் தட்டு, அவற்றின்மேல் நியோடிமியம் காந்தங்கள், நடுவில் அசையாமல் நிற்கும் காயில் தட்டு. கியர் கிடையாது. மெதுவாகச் சுற்றினாலே வோல்டேஜ் வரும்படி சுற்றுகளைக் கூட்டிப் போட வேண்டும். சாதாரண கார் ஆல்டர்னேட்டரைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஆயிரக்கணக்கான சுற்று வேண்டும் என்று கேட்கும். நம் இறக்கை நிமிடத்துக்கு இருநூறு, முந்நூறு சுற்றத்தான் செய்யும்.

கீழே வருவது மூன்று ஃபேஸ் ஏ.சி. அதை ஏ.சி.யாகவே இறக்கி, பேட்டரி பக்கத்தில் டி.சி.யாக மாற்றுகிறேன். பேட்டரி 24 வோல்ட். இரண்டு 150 ஏ.ஹெச். டியூபுலர் வரிசையாக. 12 வோல்ட்டில் வைத்தால் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். நாற்பதடிக் கம்பமும் முப்பதடி தரையும் கடப்பதற்குள் கம்பியிலேயே பாதி சூடாகிப் போகும்.

ஈ.பி. லைனோடு இதைச் சேர்க்கவில்லை, சேர்க்கவும் மாட்டேன். கரண்ட் போன நேரத்தில் நம் வீட்டிலிருந்து லைனுக்கு மின்சாரம் ஏறினால், கம்பத்தில் வேலை பார்க்கிற மனிதனின் உயிர் போய்விடும்.

21 நவம்பர் 2024

ஆகஸ்டில் பலரிடம் வாய்மொழியாக ஒன்று சொல்லியிருந்தேன். "மழைக்காலத்தில் சோலார் படுத்துவிடும், அப்போது வாடைக்காற்று நம்மைக் காப்பாற்றும்" என்று. தப்பு.

நேற்று ராமேஸ்வரத்தில் பகலுக்குள் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பாம்பன், மண்டபம் எல்லாம் வெள்ளம். இங்கும் விடாத மழை. சோலார் பேனல் ஒன்றும் தரவில்லை, சரி. காற்றாடியும் அப்படியே நின்றிருந்தது. மழை கனத்துப் பெய்த மணிநேரங்களில் இலைகூட ஆடவில்லை. நோட்டில் அக்டோபர் 15-லிருந்து பார்க்கிறேன். வாடை அடித்த நாட்கள் வேறு, மழை பெய்த நாட்கள் வேறு. இரண்டும் சேர்ந்து வந்த நாட்கள் குறைவு. அப்படியே சேர்ந்து வந்தாலும் கொஞ்ச நேரம் திடீர் வீச்சு, பிறகு அமைதி.

வாடைக்காற்று உதவியது வேறு இடத்தில். மழையில்லாத நவம்பர் இரவுகளில். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

22 நவம்பர் 2024

தங்கச்சிமடத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைத்திருந்தவர்கள் கவனிக்கவும். காயாமல் இணைக்க வேண்டாம். இனிமேல் ஓரடி உயர மேடை கட்டி வையுங்கள்.

14 ஜனவரி 2025

பொங்கலும் அதுவுமாக மனசு சரியில்லை.

தைக்கு இரண்டு நாள் முன்பு நல்ல வாடை. பேட்டரி இரண்டும் நிறைந்துவிட்டன. பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்த விலைக்கு வாங்கிய கன்ட்ரோலர் என்ன செய்ய வேண்டும்? மிஞ்சுகிற மின்சாரத்தை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்பி எரிக்க வேண்டும். அது சோலாருக்குச் செய்கிற மாதிரி, பேட்டரியை வெறுமனே துண்டித்துவிட்டது. சோலார் பேனலைத் துண்டித்தால் அது பாட்டுக்கு வெயிலில் கிடக்கும். காற்றாடியைத் துண்டித்தால் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சுமை இருக்கும்வரைதான் அது அடங்கும். சுமை போனால் கயிறறுந்த காளை.

சத்தம் கேட்டு ஓடிப்போய் மூன்று ஃபேஸ் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் செய்கிற சுவிட்சைப் போட்டேன். காற்றாடிக்கு அதுதான் பிரேக். ஆனால் வேகம் ஏறிய பிறகு போட்டால் அது கேட்பதில்லை, காயிலைத்தான் சுட்டது. வார்னிஷ் கருகிய வாசனை எனக்குத் தொழிலில் பழக்கம். என் கையால் சுற்றிய காயிலில் அது வந்தபோது தாங்கவில்லை. கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஒரு ஸ்டே கம்பியின் யூ கிளாம்ப் வேறு வழுக்கிக் கம்பம் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. பிள்ளைகள் அந்த நேரம் தோட்டத்தில் இல்லை.

இனி எவருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதுதான்: வாங்குவதற்கு முன் "பேட்டரி நிறைந்தால் மின்சாரம் எங்கே போகும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

2 பிப்ரவரி 2025

பிரித்துப் பார்த்தேன். காயில் போனது காற்றாலா, உப்பாலா என்று சொல்ல முடியாத நிலை.

காந்தங்களின் மேல் நிக்கல் முலாம் நான்கு மாதத்தில் கொப்பளித்திருக்கிறது. உள்ளே துரு ஏறி ஊதி, காயில் தட்டில் உரச ஆரம்பித்துவிட்டது. யூ கிளாம்ப் மரையில் துரு. இறக்கையின் முன்விளிம்பில் மணல் தேய்த்துப் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. ஒன்று மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது, காற்றாடியைக் காற்றுக்கு முகம் காட்ட வைக்கிற வால். அது படகுக்காரர்கள் போட்டுத் தந்த ஃபைபர்.

அதிலிருந்து வழி பிடிபட்டது. இந்த முறை காந்தத் தட்டு முழுவதையும் படகு ரெசினுக்குள் மூழ்கடித்து வார்க்கிறோம். காயில் தட்டும் அப்படியே. கடலில் கிடக்கிற படகையே காப்பாற்றுகிற பொருள் கம்பத்தின் மேலிருப்பதைக் காப்பாற்றாதா? கம்பிக்கும் போல்ட்டுக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 நம் கரையில் பழுப்புப் பிடிக்கிறது. விலை கூடுதல்தான். இரண்டாவது முறை வாங்குவதைவிடக் குறைவு.

7 ஏப்ரல் 2025

நேற்று பாம்பன் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். கூட்டத்தோடு நானும் போய் நின்றேன். செங்குத்தாகத் தூக்கும் அந்த நடுப்பகுதியைவிட, பக்கத்தில் ஓய்ந்து நின்ற 1914-ஆம் வருடப் பாலத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ரயில் ஓடிய காலத்தில் அந்தப் பாலத்தில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காமல் இருந்தது. விநாடிக்கு 16 மீட்டர். இரும்புப் பாலமும் ரயிலும் அந்தக் காற்றுக்கு மரியாதை கொடுத்து நின்றன. என் ஆலை ஜனவரியில் மரியாதை கொடுக்காமல் நின்றது.

வால் மடங்குகிற அமைப்பை இப்போது மாற்றியிருக்கிறேன். 10 மீட்டர் தாண்டினால் வால் ஒருபக்கம் மடங்கி, இறக்கை காற்றுக்கு முகம் காட்டாமல் திரும்பிக்கொள்ளும். பாய்மர வள்ளத்தில் காற்று மிஞ்சினால் பாயைத் தளர்த்திக் காற்றை விட்டுவிடுவார்களே, அதே வித்தை.

அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும் கம்பமாகவும் ஆக்கிவிட்டேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன இரவை அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். புயல் கூண்டு ஏற்றினால் இரண்டு பேர் பத்து நிமிடத்தில் படுக்க வைக்க முடியாத எந்தக் கம்பமும் நம் கரையில் நிற்கக் கூடாது.

20 மே 2025

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. படகுக்கார மாப்பிள்ளைகள் கரையில் இருப்பதால் ஆள் பலத்துக்குக் குறைவில்லை. ஆறு பேர் கயிறு பிடிக்க, கம்பம் ஒரே இழுப்பில் நிமிர்ந்தது. ஸ்டே கம்பியை முறுக்கேற்றியதும் அவர்கள்தான். அந்த முடிச்சும் இழுவையும் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்களே அவர்கள் என்பது போன வருடமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

8 ஜூன் 2025

தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கு அரசு சரணாலயம் அறிவித்திருக்கிறது. அங்கே கடை வைத்திருக்கும் ஒருவர், தனக்கும் ஒரு காற்றாடி செய்து தர முடியுமா என்றார். வேண்டாம் என்றேன். பறவைகள் இறங்கும் இடத்தில், அந்த மணற்காற்றில், அது பொருத்தமில்லை. இரண்டு பேனல், ஒரு பேட்டரி, நான்கு பல்பு. அவருக்கு அதுவே தாராளம்.

19 ஜூலை 2025

ஒரு வருடக் கணக்கு நோட்டில் சேர்ந்துவிட்டது. நடுவில் நான்கு மாதம் ஆலை படுத்திருந்தாலும் காற்றுமானி நிற்கவில்லை.

இந்த மாதம் கச்சான் நன்றாக இருக்கிறது. பேட்டரிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் யூனிட். மார்ச் மாதக் காற்றுக்குக் கணக்குப் போட்டால் கால் யூனிட்டுக்கும் கீழே. முதலில் இன்வெர்ட்டர் வழியாகத்தான் எடுத்தேன். அது சும்மா இருப்பதற்கே 15 வாட் தின்றது, நாளைக்கு மூன்றில் ஒரு யூனிட்டுக்கு மேல். இப்போது 24 வோல்ட்டிலேயே ஓடுகிற மின்விசிறி இரண்டு, பல்பு ஐந்து. பழைய விசிறி 75 வாட், இது 28. கரண்ட் போன இரவுகளில் அம்மா அறையில் விசிறி நிற்கவில்லை. நான் இத்தனை பாடுபட்டது அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது.

மூக்கையூர்த் தம்பிக்கு: பில் குறைய வேண்டும் என்பது மட்டும் நோக்கம் என்றால் சோலார் போடுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் கழித்துப் பார்த்தால், காசுக் கணக்கில் காற்றாடி அதன் பக்கத்தில் நிற்காது. எனக்கு ஆன செலவில், இரண்டாம் முறைச் செலவையும் சேர்த்தால், இரண்டு கிலோவாட் பேனல் வாங்கியிருக்கலாம்.

ஆனால் உங்கள் ஊர் தென்கடல் கரை. முன்னால் மரமில்லை, கட்டடமில்லை. என் இடத்தைவிட உங்கள் காற்று நல்ல காற்றாகத்தான் இருக்க வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டர் கூடினாலும் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அதனால் இப்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

20 ஜூலை 2025

நாளைக் காலை சாயல்குடி வழியாக வரும் மீன் வண்டியில் என் காற்றுமானியைக் கொடுத்து விடுகிறேன். ஒரு கிண்ணத்தில் விரிசல் இருந்தது, ரெசின் போட்டு ஒட்டியிருக்கிறேன். குழாயை மாடியில் கட்டாதீர்கள், வாசலில் கடல் பக்கம் நடுங்கள், முப்பதடிக்குக் குறையாமல். நான்கு வேளை எழுதுங்கள், இரவு ஒன்பது மணிக்கணக்கை மட்டும் விடவே வேண்டாம். அடுத்த ஆடியில் நோட்டோடு வாருங்கள், உங்கள் இறக்கை எத்தனை மீட்டர் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். காயில் அச்சை நான் உடைக்காமல் வைத்திருக்கிறேன்.